எனக்கும் அதுவே

கார்த்தேஜ் துறைமுகத்துக்கு மேலே
வெளுப்பவர் தெருவில் ஒரு மாடியறை.
கீழே மூத்திரத் தொட்டிகள்.
அந்தக் காரம் கண்ணில் ஏற ஏற
கிரேக்கக் கடிதம் ஒன்றை
லத்தீனுக்கு இறக்கிக்கொண்டிருக்கிறேன்.
மூன்று நாளாக
ஒரே சொல்லில் நிற்கிறது வண்டி.

மிஸ்தேரியோன்.

அப்படியே எழுதிவிட்டுப் போகலாம்தான்.
ஆனால் அந்தச் சொல்லைத் திறந்தால்
ஈசிஸ் கோயில் கிலுகிலுப்பை கேட்கிறது,
மொட்டையடித்த பூசாரி வருகிறான்,
காசு கொடுத்தவனுக்கு மட்டும் விலகும் திரை.
எங்களிடம் திரை ஏது?
இருந்த ஒரு துணியையும்
காய்ச்சலில் கிடக்கும் நம்கிதேக்குப் போர்த்தியாயிற்று.

ரகசியம் என்று எழுதினேன். அடித்தேன்.
ரகசியம் சொன்னால் தீர்ந்துவிடும்.
மறைப்பது வேறு, மறை வேறு.

சாக்ரமெந்தும் என்று
ஓரத்தில் சின்னதாக எழுதிப் பார்த்தேன்.
ஒரு காலத்தில் வழக்கு மன்றத்தில் குமாஸ்தா நான்,
அந்தச் சொல்லின் பழைய வேலை எனக்குத் தெரியும்.
வழக்காடும் இருவரும் ஐந்நூறு செம்புக் காசு
கட்டிவைக்க வேண்டும்.
தோற்றவன் காசு கோயிலுக்கு.

துணி மூட்டையோடு படியேறி வந்த அரிசூத்
"ஜெயித்தவனுக்கு இல்லையா?" என்றாள்.
இல்லை என்றேன்.
"அப்படியென்றால்
எந்த வழக்கிலும் தோற்காதது
தெய்வம் மட்டும்தான்" என்று சொல்லி
மூட்டையை என் மைக்கூட்டுக்குப் பக்கத்தில் போட்டாள்.
மை தளும்பியது. திட்டவில்லை.
அவள் நிலம் போனது எனக்குத் தெரியும்.

இருட்டிய பிறகு பாரிக் வந்தான்.
லம்பேசிஸ் முகாமிலிருந்து
பதினோரு நாள் நடந்த கால்கள்.
கடிதத்தை அவனால் படிக்க முடியாது,
ஓரத்துச் சொல்லை மட்டும் கண்டுகொண்டான்,
கொடிக்கம்பத்தின் அடியில் எழுதியிருக்குமாம்.
"இது எங்கள் சத்தியமாயிற்றே,
உனக்கு எப்படிக் கிடைத்தது?"

பிறகு அவனாகவே சொன்னான்.
ஒருவன் முன்னால் வந்து
முழுச் சத்தியத்தையும் உரக்கச் சொல்வான்.
மற்றவர்கள் வரிசையாக
'எனக்கும் அதுவே'
என்றால் போதும்.
"நான் நானூற்றுப் பதினொன்றாவது ஆள்.
பாலைக்காற்று.
முன்னால் நின்றவன் வாய் அசைந்தது,
ஒரு சொல்லும் காதில் விழவில்லை.
என் முறை வந்தது.
எனக்கும் அதுவே என்றேன்.
எட்டு வருடம்
எதற்கென்று தெரியாத அந்தச் சொல்லுக்காக
பனியில் காவல் நின்றேன்,
ஒருவனைக் குத்தினேன்.
கேட்டிருந்தால் ஒருவேளை
அன்றைக்கே ஓடியிருப்பேன்."

சிரித்தான். நான் சிரிக்கவில்லை.
மூன்று நாள் தேடியது
ரொட்டி மென்றுகொண்டு
எதிரே உட்கார்ந்திருந்தது.

விடியுமுன் ஞானஸ்நானம் கேட்டான்.
தொட்டியில்தான் கொடுத்தோம்,
கழுவி நல்ல தண்ணீர் நிரப்பி.
அப்படியும் நாற்றம் போகவில்லை.
மூப்பர் விசுவாச வாக்கியத்தைச் சொல்ல ஆரம்பித்தார்,
குரல் கட்டியிருந்தது அவருக்கு.
பாரிக் கையை உயர்த்தி நிறுத்தினான்:
"இந்தத் தடவை
எனக்குக் கேட்கும்படி சொல்லுங்கள்."

கழுத்து ஈயத் தகட்டை அறுத்து
என் கடிதத்தின் மேல் வைத்தான்.
பிணையா என்றேன்.
பதில் சொல்லவில்லை, ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தான்.

நடுப்பகலில் நான்கு பேர் வந்து கொண்டுபோனார்கள்.
அரிசூத் மட்டும் தெருக்கோடிவரை
ஈரக் கையோடு பின்னால் போனாள்.

சொல்லை எழுதிவிட்டேன்.
கிரேக்கம் படித்த தெயோக்திஸ்தோஸ்
மூக்கைச் சுளித்தான்.
பட்டாளத்து வேர்வை வீசுகிறதாம்,
மன்றத்துச் செம்பு துருவேறித் தெரிகிறதாம்,
விண்ணுலகத்துக்கு உகந்த சொல்லா இது?

வீசட்டும்.

ஒன்றுதான் உறுத்துகிறது.
அந்தத் தகட்டை எடுத்த இடத்தில்
பாப்பிரஸில் ஒரு வட்டம்
இன்னும் ஈரமாக இருக்கிறது,
மை பிடிக்க மாட்டேனென்கிறது.
அதைச் சுற்றித்தான்
அடுத்த வரியை வளைத்து எழுத வேண்டும்.